சி டிரைவ் சிவந்துடுச்சா? டெலிட் பண்றதுக்கு முன்னாடி ஒரு 'மேப்' பாருங்க!

லேப்டாப்பைத் திறந்தா சி டிரைவுக்குக் கீழே இருக்கிற நீலக் கோடு சிவப்பா மாறியிருக்கும். அசைன்மென்ட் சேவ் ஆகாது, விண்டோஸ் அப்டேட் பாதியில் நிக்கும், எடிட்டிங் சாஃப்ட்வேர் திணறும். உடனே நம்மில் பலரும் செய்றது என்ன? டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, கண்ணில் பட்டதை எல்லாம் செலக்ட் பண்ணி, ஷிஃப்ட் + டெலிட்! அரை மணி நேரம் உட்கார்ந்து அழிச்சாலும் கிடைக்கிறது 2 ஜிபிதான். அந்த 2 ஜிபிக்குள்ளே, வேற எங்கேயும் காப்பி இல்லாத ஒரு வீடியோவும் சேர்ந்து போயிருந்தா?

இடத்தை எது பிடிச்சிருக்குன்னு தெரியாமலே அழிக்கிறதுதான் இங்கே பிரச்னை. அதைக் காட்டுவதற்கென்றே சின்னச் சின்ன சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை இலவசம். உங்கள் டிஸ்க்கை ஒரே படமாக வரைந்து, 'இந்தா, இதுதான் 60 ஜிபி' என்று காட்டிவிடும். எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்ற முடிவு உங்கள் கையில். இவற்றில் யாருக்கு எது செட் ஆகும் என்று பார்க்கலாம்.

ஆறு, கால்வாய், குளம், வயல்... ஃபோல்டர்!

தாமிரபரணியில் கோடைமேலழகியானில் ஆரம்பித்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரியும். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிகிற நெல்லை கால்வாய் டவுன் பக்கம் வந்து நயினார்குளத்துக்குத் தண்ணீர் கொடுக்கும். குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வாய்க்கால், அங்கிருந்து வயல்.

உங்கள் டிஸ்க்கும் இதே அமைப்புதான். சி டிரைவ் என்பது ஆறு. யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் வீடியோஸ், அதற்குள் 'கல்யாணம் ஃபைனல் 2', அதற்குள் ஒரு ஃபைல். வழக்கமான ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டருக்கு நேராக சைஸ் காட்டாது. ஒவ்வொன்றாக ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்க்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வாய்க்கால் வாய்க்காலாக நடக்கிற கதை.

அதற்குப் பதிலாக, மலைமேல் ஏறி நின்று கீழே பார்த்தால்? வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். பெரிய வயல் பெரிய கட்டம், சின்ன வயல் சின்னக் கட்டம். எது பெரிசு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இந்த சாஃப்ட்வேர்கள் செய்வது அதைத்தான்.

80 எம்பி டிஸ்க்கில் பிறந்த ஐடியா

இப்படிக் கட்டம் கட்டமாகக் காட்டும் படத்துக்குப் பெயர் 'ட்ரீமேப்'. இது பிறந்ததே டிஸ்க் நிறைந்துபோன எரிச்சலில்தான். 1990-ல் அமெரிக்காவின் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பென் ஷ்னைடர்மேனின் ஆய்வுக்கூடத்தில் 14 பேர் சேர்ந்து ஒரே ஹார்டு டிஸ்க்கைப் பயன்படுத்தினார்கள். அதன் மொத்தக் கொள்ளளவு 80 எம்பி. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற நாலைந்து வீடியோவுக்கே அது போதாது. டிஸ்க் அடிக்கடி நிறைந்துவிட, யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரே திரையில் பார்க்க அவர் கண்டுபிடித்த வழிதான் ட்ரீமேப்.

1999-ல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யார்க் வான் வைக் குழு, அந்தக் கட்டங்களுக்குத் தலையணை மாதிரி மேடு பள்ள நிழல் கொடுத்தது. எந்தக் கட்டம் எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்பது அதனால் எளிதாகப் புரிந்தது. விண்டிர்ஸ்டாட் போன்ற சாஃப்ட்வேர்களில் இன்றும் நாம் பார்ப்பது அந்தத் தலையணைக் கட்டங்களைத்தான்.

மூணு விதமான படம்: உங்க கண்ணுக்கு எது?

*கட்டம் (ட்ரீமேப்):* ஒவ்வொரு ஃபைலும் ஒரு கட்டம். 'ஒரே ஒரு ராட்சச ஃபைல் எங்கேயோ ஒளிஞ்சிருக்கு' என்ற சந்தேகம் இருந்தால் இதுதான் பெஸ்ட். முதல் தடவை பார்க்கும்போது கலர் கலராகக் குழப்பும், பழகிவிடும்.

*வளையம் (சன்பர்ஸ்ட்):* நடுவில் டிரைவ், அதைச் சுற்றி ஃபோல்டர்கள், அதைச் சுற்றி உள் ஃபோல்டர்கள். எந்தக் கிளை தடித்திருக்கிறது என்பது சட்டென்று தெரியும். பார்க்கவும் அழகு. ஆனால், சின்ன ஃபைல்கள் இதில் காணாமல் போய்விடும்.

*பட்டை (பார்):* ஃபோல்டர் பட்டியல், பக்கத்தில் சைஸ், சதவிகிதம், ஒரு பட்டை. படம் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு, குறிப்பாக வீட்டில் அப்பா, சித்தப்பாவுக்கு எல்லாம் இதுதான் எளிது.

விண்டோஸ்காரர்களுக்கு...

*விண்டிர்ஸ்டாட்:* 2003-லிருந்து இருக்கும் பழைய கை. முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். மேலே பட்டியல், கீழே கட்டங்கள். ஸ்கேன் ஆகும்போது பேக்மேன் பொம்மைகள் ஓடும். பழைய பதிப்பு ரொம்ப மெதுவாக இருந்தது. 2024-ல் வந்த 2.0 வரிசையில் வேகம் நன்றாகக் கூடியிருக்கிறது. பழைய பதிப்பை வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

*விஸ்ட்ரீ:* வேகம்தான் இதன் அடையாளம். சாதாரண சாஃப்ட்வேர் ஒவ்வொரு ஃபோல்டராக இறங்கி அளக்கும். விஸ்ட்ரீ அப்படிச் செய்யாமல், டிஸ்க்கிலேயே இருக்கும் 'மாஸ்டர் ஃபைல் டேபிள்' என்ற பதிவேட்டை நேரடியாகப் படித்துவிடும். வயல் வயலாக இறங்கிச் சங்கிலி பிடிக்காமல், வி.ஏ.ஓ-விடம் இருக்கும் அடங்கலைப் புரட்டுகிற மாதிரி! பெரிய டிஸ்க்கையும் சில விநாடிகளில் முடித்துவிடும். இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். இந்த வேகம் என்டிஎஃப்எஸ் வகை டிரைவுகளில், அட்மின் அனுமதி கொடுத்தால்தான். எக்ஸ்ஃபேட் பென் டிரைவில் இதுவும் மற்றவை மாதிரி நடந்தேதான் அளக்கும். இரண்டாவது, சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம். ஸ்டுடியோ, அலுவலகம் என்றால் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

*ட்ரீசைஸ் ஃப்ரீ:* பட்டை வடிவம் பிடித்தவர்களுக்கு. பார்ப்பதற்கு ஃபைல் எக்ஸ்ப்ளோரர் மாதிரியே இருப்பதால் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

*ஸ்பேஸ்ஸ்னிஃபர்:* இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய் எந்த கம்ப்யூட்டரிலும் ஓட்டலாம். கட்டங்கள் கண் முன்னாலேயே விரியும்.

எதுவும் இன்ஸ்டால் செய்ய விருப்பமில்லையா? செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் ஆப்ஸ், டாகுமென்ட்ஸ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று விண்டோஸே வகை பிரித்துக் காட்டும். தொடக்கத்துக்கு இது போதும். ஆனால், 'அந்த 60 ஜிபி எந்த ஃபோல்டரில்?' என்ற கேள்விக்கு இதில் முழுப் பதில் கிடைக்காது.

லினக்ஸ், மேக் வைத்திருந்தால்...

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் நெல்லை மாவட்டத்தில் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. விண்டோஸ் தாங்கவில்லை என்று அவற்றில் உபுண்டு, மின்ட் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. க்னோம் டெஸ்க்டாப் என்றால் 'டிஸ்க் யூசேஜ் அனலைசர்' பெரும்பாலும் கூடவே இருக்கும். இதன் இன்னொரு பெயர் பாவோபாப். வளையம், கட்டம் இரண்டும் காட்டும். கேடிஇ என்றால் 'ஃபைல்லைட்'. இது வளையம் காட்டும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் கிடைப்பதால் விண்டோஸ்காரர்களும் முயற்சி செய்யலாம். டெர்மினல் பிடிக்கும் என்றால் 'என்சிடியு'. படம் கிடையாது, பட்டை மட்டும்தான். ரொம்பப் பழைய மெஷினிலும் சிரமமில்லாமல் ஓடும்.

மேக்கில் 'கிராண்ட்பெர்ஸ்பெக்டிவ்' கட்டம் காட்டும், ஓப்பன் சோர்ஸ். 'டெய்சிடிஸ்க்' வளையம் காட்டும், அழகானது, ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். 'ஆம்னிடிஸ்க்ஸ்வீப்பர்' இலவசம், பட்டியல் மட்டும் காட்டும். எதைப் போட்டாலும் ப்ரைவசி செட்டிங்ஸில் 'ஃபுல் டிஸ்க் ஆக்சஸ்' கொடுத்தால்தான் கணக்கு முழுதாக வரும்.

மொபைலில்?

ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு ஓர் ஆப் இன்னோர் ஆப்பின் உள் ஃபோல்டரை எட்டிப் பார்க்க முடியாதபடி கட்டுப்பாடு வந்துவிட்டது. அதனால் கம்ப்யூட்டரில் மாதிரி முழுப் படம் கிடைப்பது கஷ்டம். செட்டிங்ஸில் உள்ள ஸ்டோரேஜ் பகுதியும், 'ஃபைல்ஸ் பை கூகுள்' ஆப்பும் போதும். அநேகமாக இடத்தைத் தின்பது வாட்ஸ்அப்தான். அதன் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்டு டேட்டா', பிறகு 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போனால் எந்த குரூப் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று வரிசையாகத் தெரியும். 5 எம்பிக்கு மேற்பட்டவை, பல தடவை ஃபார்வேர்டு ஆனவை என்று தனியாகவும் பிரித்துக் காட்டும். குட்மார்னிங் வீடியோக்களுக்கு அங்கேயே விடை கொடுக்கலாம்! ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், ஐபோன் ஸ்டோரேஜ்.

தேர்வு செய்ய அஞ்சு கேள்வி

1. இது காட்டுமா, தானாகவே அழிக்குமா? 'ஒரே க்ளிக்கில் 10 ஜிபி காலி' என்று ஆசை காட்டும் க்ளீனர்களைத் தள்ளி வையுங்கள். எதை அழித்தது என்று நமக்கே தெரியாது.

2. எங்கிருந்து டவுன்லோட் செய்கிறீர்கள்? தயாரித்தவர்களின் சொந்தத் தளம் அல்லது அதிகாரபூர்வ ஸ்டோர் மட்டும். அதிலும் கவனம் வேண்டும். 2017-ல் உலகம் முழுக்கப் பிரபலமான சிசிளீனரின் 5.33 பதிப்பில் ஹேக்கர்கள் மால்வேரைப் புகுத்திவிட்டார்கள். அதிகாரபூர்வமாகவே வெளியான அந்தப் பதிப்பு சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களில் இருந்தது. டிஸ்க் முழுவதையும் படிக்க அனுமதி கேட்கும் எந்த சாஃப்ட்வேரையும் யோசித்துத்தான் உள்ளே விட வேண்டும்.

3. உங்கள் டிஸ்க் என்ன வகை? பழைய ஹார்டு டிஸ்க், அதில் லட்சக்கணக்கான ஃபைல்கள் என்றால் வேகம் முக்கியம். எஸ்எஸ்டி என்றால் எல்லாமே ஓரளவு வேகம்தான்.

4. வீட்டுக்கா, தொழிலுக்கா? 'இலவசம்' என்பதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துவிடுங்கள். ஓப்பன் சோர்ஸ் என்றால் இந்தக் கவலை இல்லை.

5. பார்க்கப்போவது யார்? உங்களுக்குக் கட்டம் புரியலாம். லேப்டாப் அண்ணனுடையது, அக்காவுடையது என்றால் அவங்களுக்கும் புரிகிற படமாகத் தேர்ந்தெடுங்கள்.

சட்டென்று ஒரே பதில் வேண்டுமா? விண்டோஸில் விண்டிர்ஸ்டாட், லினக்ஸில் பாவோபாப், மேக்கில் கிராண்ட்பெர்ஸ்பெக்டிவ். மூன்றுமே ஓப்பன் சோர்ஸ்.

கணக்கு உதைக்குதே!

படத்தைப் பார்த்ததும் வரும் முதல் சந்தேகம்: '256 ஜிபின்னு சொல்லித்தானே வித்தாங்க, 238 தானே காட்டுது?' யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனிக்காரர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்குப் போடுகிறார்கள். விண்டோஸ் 1,024-ன் மடங்குகளில் கணக்குப் போடுகிறது. அதே கணக்கில் 512 ஜிபி என்பது சுமார் 477 ஆகத் தெரியும்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்று ஒரு பெரிய கட்டம் தெரியலாம். ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் பெயர் பெற்றிருப்பதால் சில கருவிகள் அதை இரண்டு முறை எண்ணிவிடும். உண்மையில் அது அவ்வளவு பெரிதல்ல. கையால் அழிக்கவும் கூடாது. ஒன்டிரைவ் ஃபைல்களும் இப்படித்தான். பெயர் இங்கே இருக்கும், சரக்கு கிளவுடில் இருக்கும். அதனால் 'சைஸ்' என்ற எண்ணை விட்டுவிட்டு, 'சைஸ் ஆன் டிஸ்க்' என்ற எண்ணைப் பாருங்கள்.

படம் வந்தாச்சு... எதைத் தொடலாம்?

*தாராளமாக அழிக்கலாம்:* ரீசைக்கிள் பின்னில் கிடப்பவை, இன்ஸ்டால் செய்து முடித்த செட்டப் ஃபைல்கள், எடிட்டிங் சாஃப்ட்வேரின் கேஷ். ப்ரீமியர் ப்ரோவின் மீடியா கேஷ் பல ஜிபிக்கு வளர்ந்து நிற்கும். சாஃப்ட்வேருக்குள் இருக்கும் வசதி வழியாகவே அழித்தால், தேவைப்படும்போது தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.

*வழியறிந்து அழிக்க வேண்டும்:* 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டர் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு வருவது. பழைய பதிப்புக்குத் திரும்ப மாட்டீர்கள் என்றால் செட்டிங்ஸில் டெம்பரரி ஃபைல்ஸ் வழியாக நீக்கலாம். 'ஹைபர்ஃபில்' என்பது ஹைபர்னேட் வசதிக்கானது. அதை நிறுத்தினால் இதுவும் போய்விடும். கேம்ஸ், ஆப்ஸ் எல்லாம் ஃபோல்டரை அழித்து அல்ல, அன்இன்ஸ்டால் செய்துதான் நீக்க வேண்டும்.

*தொடவே கூடாது:* விண்டோஸ், ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்களுக்குள் பெயர் புரியாத எதுவும். புரியாத கட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது குப்பை என்று அர்த்தமில்லை.

*நிதானமாகத் திறந்து பார்க்க வேண்டும்:* உங்கள் சொந்த வீடியோ, போட்டோ, ஆடியோ. ஏனென்றால் படத்தில் இவைதான் பெரிய கட்டங்களாக வந்து நிற்கும். விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் 4கே பதிவு செய்யும் ஒரு கேமரா, ஒரு மணி நேரத்தில் 45 ஜிபியைத் தின்றுவிடும். கல்யாண வீட்டில் இரண்டு கேமரா நாலு மணி நேரம் ஓடினால் 360 ஜிபி. பாளையங்கோட்டையிலோ டவுனிலோ ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பிக்கு முகூர்த்த மாதத்தில் டிஸ்க் நிறைவதில் ஆச்சர்யமே இல்லை. ஆனால், ஆல்பம் கைக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் கட்டத்தைத் தொட முடியுமா?

பெரிய கட்டம் எல்லாம் குப்பை இல்லை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லையும் தூத்துக்குடியும் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ மழை. தாமிரபரணி கரை தாண்டி, ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். அன்றைக்கு மொட்டை மாடியில் நின்று எடுத்த வீடியோக்கள் பலருடைய போனிலும் லேப்டாப்பிலும் இருக்கின்றன. தெரு எவ்வளவு முங்கியது, தண்ணீர் எந்தப் படிக்கட்டு வரை வந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. ட்ரீமேப்பில் பார்த்தால் அது பெயர் தெரியாத ஒரு கட்டம். எண்களும் எழுத்துமாக ஒரு ஃபைல் பெயர், 1.4 ஜிபி. பக்கத்தில் இருக்கும் சினிமா ஃபைலும் அதே சைஸ், அதே நிறம். சாஃப்ட்வேருக்கு இரண்டும் ஒன்றுதான். சினிமாவை மறுபடி பார்த்துக்கொள்ளலாம். அந்த வீடியோவை மறுபடி எடுக்க முடியாது. ஆச்சியின் குரல் இருக்கும் ஆடியோ, தாத்தாவின் கடைசிப் பொங்கல் எல்லாம் அந்த ரகம்தான்.

ரெக்கவரி சாஃப்ட்வேர் இருக்கே என்று தைரியமாக இருக்காதீர்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் அழித்ததை மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு. இன்றைய லேப்டாப்களில் இருக்கும் எஸ்எஸ்டியில் 'ட்ரிம்' என்ற வசதி, அழித்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும். அதன்பிறகு மீட்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். பென் டிரைவில் அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்கே வராது. ஒன்டிரைவ், கூகுள் போட்டோஸில் அழித்தால் கிளவுடில் இருந்தும் போய்விடும். அங்கே நமக்கு வேண்டியது 'டெலிட்' இல்லை, 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்'.

அந்த வெள்ளம் சொல்லிக்கொடுத்த இன்னொரு பாடமும் உண்டு. லேப்டாப்பும் பேக்கப் ஹார்டு டிஸ்க்கும் ஒரே அலமாரியில் கீழ்த்தட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் நனையும். போட்டோகிராபர்கள் சொல்லும் '3-2-1' கணக்கு இதற்குத்தான். மூணு காப்பி, ரெண்டு வகை சாதனம், அதில் ஒண்ணு வேறு ஊரில் அல்லது கிளவுடில். சென்னையில் இருக்கும் அண்ணன் வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க் இருந்தாலும் போதும்.

செய்ய வேண்டிய வரிசை

முதலில் ஸ்கேன் பண்ணுங்க. ரொம்பப் பெரிய பத்துக் கட்டங்களை மட்டும் பாருங்க, சின்னதுக்கு மெனக்கெட வேண்டாம். ஒவ்வொன்றையும் திறந்து, இது மறுபடி கிடைக்குமா என்று கேளுங்க. கிடைக்காது என்றால் காப்பி எடுத்து, அந்தக் காப்பி ஓடுகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பாருங்க. அப்புறம் டெலிட், ஷிஃப்ட்டைத் தொடாமல்! ஒரு வாரம் ரீசைக்கிள் பின்னில் கிடக்கட்டும். அதுவரை இடம் காலியாகாதுதான், பரவாயில்லை. யாரும் தேடவில்லை என்றால் அதையும் காலி செய்யுங்க. மறுபடி ஸ்கேன் பண்ணிப் பாருங்க, சிவப்புக் கோடு நீலமாகியிருக்கும். முக்கியமான எதுவும் தொலைஞ்சும் இருக்காது.